இடுப்பில் கட்டிய பேசின்

முட்டுக்காட்டு உப்புநீரில் இடுப்பளவு ஆழத்தில் தங்கமாரி நிற்கிறாள். ஒரகடம் கம்பெனியில் வயர் கோக்கும் அவளும் இசக்கிபாண்டியும் ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய கொரிய இன்ஜினீயர் விட்டுப்போன, முள்ளில் இரைக்குப் பதில் இறகு கட்டிய தூண்டில், முதல் மீனைப் பிடிப்பவருக்கே சொந்தம் என்று பேச்சு. சற்றுமுன் இசக்கி வீசியபோது, நீரில் மிதக்கவிட்ட நூல் அவன் காலையே சுற்றியது, மீன் தப்பியது. இவளோ ஹாஸ்டலில் துணி அலசும் பேசினை இடுப்பில் கட்டிக்கொண்டு, தூண்டிலை வீசி, திரும்ப இழுக்கும் நூலை அதற்குள் வளையம் வளையமாக விடுகிறாள். “என்ன தங்கமாரி, துணி தொவைக்கப் போறியா? கழட்டி வீசு, மானம் போவுது!” என்று கரையிலிருந்து சிரிக்கிறான் இசக்கி. “உங்க கால்ல நூலு சுத்துனப்பவே அது போயிட்டுண்ணே.” வெயில் நீரில் தகடாய் மின்னுகிறது. சட்டென்று நூல் விறைக்கிறது. கொடுவா மீன்! பேசினிலிருந்து வளையங்கள் சிக்காமல் ஒவ்வொன்றாய்ப் பறக்கின்றன. கம்பு வளைந்து நடுங்குகிறது. இசக்கி தண்ணீரில் இறங்கி ஓடிவருகிறான். “குடு, நான் இழுக்கேன்.” “தொடாதீங்க.” ஒவ்வொரு முழமாக நூல் மறுபடி பேசினுக்குள் விழுகிறது. கடைசியில் மீனும் அதற்குள்ளேயே விழுந்து துள்ளுகிறது. “இனியாவது அதைக் கழட்டேன்” என்கிறான் இசக்கி, மெதுவாக. அவள் முடிச்சை இன்னும் இறுக்குகிறாள். “பஸ்ஸுலயும் கழட்ட மாட்டேன்.”