கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“நாலு நாளா வாயில ஒண்ணும் வைக்கல மேடம். மூலையில ஒடுங்கிக் கெடக்கு. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது” என்றான் ரஜீவ்.

“அருமை!” என்றார் கலாராணி மேடம்.

எலிகளுக்கு மன அழுத்தம் உண்டாக்கிக் காட்டுவதுதான் ரஜீவின் இறுதியாண்டு ஆய்வு. இந்தக் கிழமைக்குள் காட்டாவிட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான். கூட்டைச் சரித்து வைத்தான், படுக்கையை நனைத்தான், காதருகே பைலாப் பாட்டைச் சத்தமாகப் போட்டான். தேயிலைத் தோட்ட லயத்து ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்தவை போல எலிகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கின.

கடைசியில் சொந்த ஊரான பசறைக்குப் போய், லயத்தில் அடுத்த வீட்டு இருதயம்மாவிடம் பூனையை இரவல் கேட்டான். “நல்லா வளத்த புள்ளடா, அதட்டாமப் பாத்துக்க” என்று கொடுத்தனுப்பினார். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் எலிகள், அந்தப் பக்கம் பூனை. தொட முடியாது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

“பயம் தெரியுதா?” என்றார் மேடம்.

“கண்ணாடிப் பக்கம் திரும்பினாலே நடுங்குது மேடம். பாவமா இருந்துச்சு, கருவாட்டுத் தலை ஒண்ணு வச்சேன். மோந்துகூடப் பாக்கல.”

“கண்டதையும் குடுத்து ஆராய்ச்சியக் கெடுத்துறாதப்பா! இத நான் கொழும்பு மாநாட்டுலயே பேசப் போறேன். நீ பாஸ். வா, பாப்போம்.”

ரஜீவ் மேடத்தின் பின்னால் நடந்தான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆய்வுகூட வாசலில் இருதயம்மா நின்றிருந்தார். பதுளைக் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடித்த கையோடு வந்திருந்தார்.

“எங்கடா எம்புள்ள?”

“அக்கா, நீங்க அடுத்த கிழம வாங்களேன்...”

“ஏன், பூனைக்கும் பரீட்ச வச்சிருக்கீங்களா?” என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

எலிகள் கொழுகொழுவென்று கண்ணாடியில் மூக்கை ஒட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மல்லாந்து படுத்து உறங்கியது.

மேடம் குனிந்து குனிந்து தேடினார். “இதுல நடுங்குறது எதுப்பா?”

ரஜீவ் தலையைக் குனிந்தபடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டினான்.

எலும்பும் தோலுமாய் நடுங்கிக்கொண்டிருந்த பூனையை இருதயம்மா ஓடிப்போய் அள்ளி மார்போடு அணைத்தார்.

“படுபாவி! தவக்காலத்துல எங்க வீட்டுப் பூனையும் கவுச்சி தொடாதுடா!”