மாவு மாத்திரை

"மேடம், அந்த மாமியார் மருமக ரெண்டு பேரையும் இன்னிக்கே கழட்டி விடுங்க. என் எட்டு வருஷ உழைப்பு மேடம்!"

போனில் கத்தியது மருந்தைக் கண்டுபிடித்த கெமிஸ்ட். டாக்டரம்மா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

மூட்டுவலிக்கான புது மருந்தின் சோதனை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்பது கெமிஸ்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு டப்பா. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான் சங்கதி. இதைக்கூடக் குட்டிச்சுவராக்க ஒரு குடும்பம் வந்து சேர்ந்ததே!

"மாமியார் டப்பாலதான் மருந்து. மருமகளுக்கு மாவு. முதல் மாசம் மாமியார் ரத்தத்துல மருந்து இருந்துச்சு, சரி. ரெண்டாம் மாசம் பார்த்தா மருமக ரத்தத்துல இருக்கு, மாமியாருக்குத் துளிகூட இல்ல. இப்ப மறுபடியும் மாமியாருக்கு! இது மருந்தா, பந்தா?"

"விசாரிக்கிறேன் சார்."

"விசாரிக்க என்ன இருக்கு? லிஸ்ட்லேர்ந்து பேரை அடிங்க!"

அடித்துவிடலாம். ஆனால் அடித்தால் ரெண்டு பேருக்கும் மருந்து நின்றுவிடும். மருமகளுக்குத் தையல் கடை; விரல் மடங்காவிட்டால் பிழைப்பு போச்சு. மாமியாருக்கு முட்டி, வீடோ மூன்றாவது மாடி. டாக்டரம்மாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க. யாரு டப்பாவைத் தொட்டது?"

"இவளைக் கேளுங்க. எப்பப் பார்த்தாலும் இவ கண்ணு என் டப்பா மேலதான்" என்றார் மாமியார்.

"ஆமா, பெரிய வைர டப்பா! சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டி வைங்க அத்தை."

"பார்த்தீங்களா டாக்டரம்மா, வாயை? விரல்லதான் வலி, வாய்ல ஒரு வலியும் இல்ல."

"உங்களுக்கு மட்டும் நாக்குலயா முட்டி இருக்கு?"

"போதும்!" டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். "பெரியம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க."

ரெண்டு பேர் டப்பாவும் இருந்த பையை எடுத்துக்கொண்டு, மாமியார் முணுமுணுத்தபடியே வெளியே போனார். கதவு மூடிக்கொண்டதும் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் டாக்டர் மாத்தினேன்."

"தெரியும்! வயசானவங்க மருந்தைத் திருடித் திங்க உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"ஐயோ, திருடலை டாக்டர்! போன மாசம் என் விரல் வலி அத்தனையும் விட்டுப்போச்சு, ஊசி கோத்தேன், பட்டன் தச்சேன். சரி, நிஜ மருந்து நம்ம டப்பாலதான் இருக்குன்னு புரிஞ்சுது. அவங்க ராத்திரியெல்லாம் முனகுறாங்க. கேட்டுக்கிட்டு எப்படிப் படுக்கிறது? அதான் என்னுதை அவங்க டப்பால கொட்டிட்டு, அவங்களுதை நான் எடுத்துக்கிட்டேன்."

டாக்டரம்மா பேரை அடிக்க எடுத்த பேனாவை மூடி வைத்தார்.

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். தெரிஞ்சா வேணாம்னு வீம்பு பிடிப்பாங்க. அந்த மனுஷியோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல."

"அது இருக்கட்டும். ஆரம்பத்துலேர்ந்தே உன் டப்பால மாவுதாம்மா. அதுல மருந்து எப்படி வந்துச்சு?"

"மாவா?" மருமகள் முழித்தாள். "விளையாடாதீங்க டாக்டர். எனக்குத்தான் வலி நல்லா குறைஞ்சுதே!"

இது என்னடா தலைவேதனை என்று எழுந்த டாக்டரம்மா, மாமியாரைக் கூப்பிடக் கதவைத் திறந்தார்.

நடையில் பெஞ்சின் மேல் மாமியார். மடியில் ரெண்டு டப்பா, ரெண்டும் மூடி திறந்து கிடந்தன. தன் மாத்திரைகளைக் கைக்குட்டையில் கொட்டி, மருமகள் மாத்திரைகளைத் தன் டப்பாவுக்கு மாற்றி, கைக்குட்டையில் இருந்ததை ஒன்றுகூடச் சிந்தாமல் மருமகள் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பின்னால் கதவைச் சாத்தினார். "என்ன பெரியம்மா பண்றீங்க?"

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெதுவா பேசுங்க டாக்டரம்மா, உள்ள இருக்கிறவ காதுல விழுந்துடப் போவுது! நிஜ மருந்து என் டப்பாலதான். முதல் மாசமே தெரிஞ்சுபோச்சு, முட்டி அப்படி மடங்குச்சு. உடனே என்னுதை அவளுதுல கொட்டிட்டு, அவளுதை நான் எடுத்துக்கிட்டேன். அப்புறம் என்ன மாயமோ, இந்த மாசம் மறுபடியும் என் டப்பாவே வேலை செய்யுது. அதான் திரும்ப மாத்துறேன்."

"உங்க வலி?"

"நான் மாடி இறங்கி எந்த ஊரை ஆளப் போறேன்? அவ கை ஓடினாத்தான் வீடு ஓடும்." மூடிகளை இறுக்கித் திருகினார். "அவகிட்ட மூச்சு விடாதீங்க. அப்புறம் தலைமேல ஏறி உட்கார்ந்துக்குவா."

டாக்டரம்மா வேறு அறைக்குப் போய் கெமிஸ்டுக்குப் போன் செய்தார்.

"என்ன மேடம், பேரை அடிச்சாச்சா?"

"அடிச்சுட்டேன். ஆனா ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு டப்பா நிஜ மருந்து வேணும். அனுமதி வாங்குறது என் பாடு."

"என்ன மேடம் இது! மருந்து வேலை செய்யுதுன்னே இன்னும் நிரூபணம் ஆகலையே?"

"நல்லாவே செய்யுது சார். அந்த வீட்ல யாருக்கு வலி குறையுதோ, அவங்க உடனே டப்பாவை மாத்தி வச்சுடுறாங்க."