வெறும் பாய்

“புருசன் செத்து முப்பத்தொண்டு நாள்கூடக் கழியேல்லை. உவளுக்கு உச்சி வெயிலிலை வாந்திபேதிக் கொட்டிலிலை என்ன வேலை?” யாகப்பு மனைவியிடம் சீறினார்.

செத்தது அவருடைய தம்பி கனிசியஸ். தம்பி பெண்டாட்டி லூர்த்தம்மா தினமும் மத்தியானம் அந்தக் கொட்டிலுக்குப் போய் வருகிறாள். ஊருக்கு வேறு கதை வேண்டுமா? அங்கே இருப்பது சிமியோன் ஒருவன்தான்.

வாந்திபேதி வந்தபோது அந்தக் கொட்டிலில் நோயாளிகளைப் பார்க்கத் தானாக முன்வந்தவன் சிமியோன். நோய் அடங்கி, கொட்டிலை மூடிய பிறகும் அவன் வீடு திரும்பவில்லை. பேய் பிடித்துவிட்டது என்றார்கள்.

அன்று மத்தியானம் யாகப்பு லூர்த்தம்மாவின் பின்னாலேயே போனார். கடற்கரையில் ஒரு நாய்கூட இல்லை. கொட்டிலின் தென்னோலைக் கிடுகுத் தட்டியில் காதை வைத்தார்.

உள்ளே சிமியோன் கஞ்சிக்குப் பேர் கூப்பிட்டான்.

“யசிந்தா!”

“ஓம்.”

யசிந்தாவைப் புதைத்து இருபது நாள்.

“கனிசியஸ்!”

“ஓம்.”

யாகப்புவின் கை தானாகச் சிலுவை போட்டது. கிடுகை விலக்கிப் பார்த்தார்.

நோயாளிகள் கிடந்த பாய்களில் ஏழு பேர் இருந்தார்கள். எல்லாரும் செத்தவர்களின் வீட்டார். தம்பியின் பாயில் லூர்த்தம்மா.

அவரைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தாள்.

“சத்தம் போடாதையுங்கோ அத்தான். அண்டைக்கு விடிய உவர் கஞ்சிக்குக் கூப்பிட, எட்டுப் பேரிலை ஒருத்தரும் பதில் சொல்லேல்லையாம். அதிலையிருந்து கூப்பிட்டபடிதான். நாங்கள் ஓமெண்டு சொன்னாத்தான் சாப்பிடுறார், படுக்கிறார். முந்தி நாளுக்கு மூண்டு தரம். இப்ப ஒருக்காத்தான்.”

“உனக்கேன் உந்தத் தொல்லை?”

“கடைசியா உங்கடை தம்பியின்ரை வாயிலை தண்ணி விட்டது உவரெல்லோ?”

யாகப்பு தலை குனிந்தார். தம்பி நோயில் கிடந்தபோது அவர் பருத்தித்துறைக்கு ஓடி, மாமியார் வீட்டில் ஒளிந்திருந்தவர்.

“மரியான்!” உள்ளே சிமியோனின் குரல்.

பதில் இல்லை.

“மரியான்!” குரல் நடுங்கியது.

“செத்த மரியானுக்குச் சொந்தமெண்டு ஒருத்தருமில்லை,” என்றாள் லூர்த்தம்மா. “ஒரு பாய்க்கு ஒரு ஆள் இருக்கவேணும் உவருக்கு. இல்லாட்டிப் பொழுதுபடுமட்டும் கூப்பிட்டுக்கொண்டே நிப்பார்.”

“மரியான்... மரியான்...” சிமியோன் அழத் தொடங்கிவிட்டான்.

யாகப்பு குனிந்து உள்ளே போனார். மூலையில் கிடந்த எட்டாவது பாயில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஓம், இஞ்சை இருக்கிறன்.”