நேரா இருக்கா?

வாருங்கள் கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். இடப்பக்கம் வேண்டாம், இந்த வலப்பக்கம். அதுதான் எனக்குப் பார்க்கத் தோது. என் வீட்டுக்காரர் படத்தைச் சுவரில் மாட்டிய கதையைச் சொல்கிறேன். படம் மாட்டுவதில் என்ன கதை என்று கேட்காதீர்கள். அவர் விஷயத்தில் தீப்பெட்டியை எடுத்த இடத்தில் வைப்பதில்கூடக் கதை உண்டு.

அவர் போய்ச் சேர்ந்து அன்றைக்கு ஒரு மாதம். பதினோரு மணிக்கு அவருடைய ஆபீஸ்காரர்கள் வருவதாக இருந்தது. அவரைப் பற்றி நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

பேசாமலா? நாற்பத்தோரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் வேலை அவருக்கு. எங்களுடையது சின்ன ஊர். அவர் தெருவில் இறங்கினால் கடைக்காரர்கள் எடைக்கல்லைத் துடைப்பார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் அதே கண்ணைக் கொண்டுவந்தார்.

மழை பெய்கிறது என்பேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "தூறல்" என்பார்.

பஸ் நிலையம் இரண்டு கிலோமீட்டர் என்று விருந்தாளியிடம் நான் சொன்னால், உள்ளறையிலிருந்து குரல் வரும்: "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது மீட்டர்."

பிரசவ வலியில் கத்திக்கொண்டிருக்கிறேன். மனுஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "போன வலிக்கும் இதுக்கும் ஆறு நிமிஷம். நீ நாலுன்னியே" என்கிறார்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பாரா? அதைத்தான் அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவதென்று இருந்தேன். ஆள் போன பிறகாவது என் பேச்சு எடுபடட்டும்.

சுவரில் எதை மாட்டினாலும் ஒரு கூத்து. கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, உள்ளே நீர்க்குமிழி ஓடும் ரசமட்டம், அதைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, அடுப்படியில் கிடக்கிற என்னைக் கூப்பிடுவார்.

"நேரா இருக்கா?"

"மட்டத்தப் பையில வச்சுக்கிட்டு என் உயிரை ஏன் எடுக்கிறீங்க? வலப்பக்கம் கொஞ்சம் இறக்குங்க. இன்னும். ம், அடிச்சுத் தொலைங்க."

அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும். அப்படி மாட்டிய அலமாரித் தட்டில் வெங்காயம் வைத்தால் ஓரத்துக்கு உருண்டு ஓடியது. அதற்கு ஒரு மரச்சட்டத்தைத் தடுப்பாக அடித்தாரே தவிர, ஏன் என்று வாயைத் திறக்கவில்லை.

அன்று அவர் படத்தை மாட்டத் தச்சர் வந்தார். துளை போடுமுன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தன் ரசமட்டத்தை அலமாரியில் வைத்தார். குடும்பப் படத்தின்மேல் வைத்தார். முகம் பார்க்கும் கண்ணாடியின்மேலும் வைத்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்டுல ஒண்ணுகூட நேரா இல்ல."

எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ. அவரைத் திட்டுகிற பாத்தியதை எனக்கு மட்டும்தானே? "யார் மாட்டினதுன்னு தெரிஞ்சு பேசுங்க தம்பி. ஊர்த் தராசையெல்லாம் நிமித்தின மனுஷன்!"

"அதான்மா எனக்கும் புரியல. எல்லாமே வலப்பக்கம் சாஞ்சிருக்கு. எல்லாமே ஒரே அளவு. கை தவறினா இப்படி வராது."

சுவரிலிருந்து அந்தக் கண்ணாடியைக் கழற்றினார்.

பின்னால் சுவரில் பென்சிலால் இரண்டு கோடுகள். ஒன்றின் ஓரத்தில் அவருடைய பொடி எழுத்தில் 'மட்டம்'. கொஞ்சம் சாய்ந்த இன்னொன்றின் ஓரத்தில் 'அவள்'. தேதியும் போட்டிருந்தது.

ஆணி இரண்டும் இரண்டாவது கோட்டில் இருந்தன.

குடும்பப் படத்தைத் தூக்கினார். அங்கேயும் அதே இரண்டு கோடு, அதே இரண்டு வார்த்தை.

பக்கத்தில் நின்ற என் மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

பிறந்ததிலிருந்து என் கழுத்து வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நீங்கள்தான் பார்க்கிறீர்களே. என் மாமியார் சொல்லிக் காட்டியிருக்கிறார். எதிர்வீட்டுக் குழந்தை கேட்டிருக்கிறது. போட்டோ எடுக்கிறவர் தாடையைப் பிடித்தே திருப்பியிருக்கிறார். தூறலுக்கும் மழைக்கும் கணக்குப் பார்த்த மனுஷன் மட்டும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

எங்கள் கண்ணாடியில் மட்டும் என் முகம் நேராகத் தெரியும். நல்ல கம்பெனிக் கண்ணாடி என்று நினைத்திருந்தேன்.

வாசலில் ஆபீஸ்காரர்கள் செருப்பைக் கழற்றும் சத்தம். நாற்பத்தோரு வருஷம் சேர்த்த பேச்சை ஒரு பென்சில் கோட்டில் கெடுத்துவிட்டார், பாவி மனுஷன்.

தச்சர் ஒரு கையில் அவர் படமும் மறு கையில் ரசமட்டமுமாக நின்றார். "எப்படிம்மா மாட்டட்டும்?"

"மட்டத்தப் பையில போடுங்க தம்பி," என்றேன். "நான் சொல்றேன்."

நன்றாக இருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவரில் ஏறுவதெல்லாம் உங்கள் கண்ணுக்கு நேராகவே இருக்கட்டும்.