பழைய காரின் பின்சீட்டு

பெண்ணழைப்புக்கு முதலாளி வீட்டிலிருந்து இரண்டு கார்கள் வந்தன. ஒன்று போன மாதம் வாங்கிய ஏழு பேர் வண்டி. மற்றொன்று அவருடைய அப்பா காலத்து அம்பாசிடர்.

கல்யாணப்பெண் வேல்விழிக்கு எது பிடிக்கிறதோ அதில் ஏறிக்கொள்ளட்டும், மற்றதில் சொந்தக்காரர்கள் வரட்டும் என்று முதலாளி மகேஷ்குமார் சொல்லி அனுப்பியிருந்தார். தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த மனசு யாருக்கு வரும் என்று விஸ்வநத்தம் முழுக்கப் பேச்சு.

தெருமுனையில் அம்பாசிடர் ஹாரன் அடித்தபோது, உள்ளே சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்த சின்னத்தாய்க்குக் கை நின்றுவிட்டது.

வெளியே வந்து பார்த்தாள். வெள்ளை போய்ச் சந்தன நிறம் அடித்திருந்தார்கள். சீட்டுக்குப் புதுச் சிவப்பு உறை. என்ன மாற்றினால் என்ன, ஹாரன் அதேதான்.

மகளை இதில் மட்டும் ஏற்றக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. புதுக் காரில் கூரையே திறக்குமாம், இளவட்டங்கள் அந்தப் பக்கம். போட்டோகிராபர் பழைய காரையே சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாண ஆல்பத்துக்கு இந்த மாதிரிக் காரைத்தான் இப்போது வாடகைக்குத் தேடி அலைகிறார்களாம்.

"புதுக்காருல ஏறு தாயி. அதுலதான் ஏசி இருக்கு. இதுல போனா வேர்த்து மையெல்லாம் கலைஞ்சிரும்" என்றாள் சின்னத்தாய். தீப்பெட்டி கம்பெனியில் வேர்வையோடு காலம் தள்ளியவள், ஏசியைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை.

வேல்விழி புதுக் காருக்குள் எட்டிப் பார்த்தாள். தனித்தனி நாற்காலி மாதிரிச் சீட்டுகள், ஆளுக்கு ஒன்று. பழைய காரில் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை ஒரே சீட்டு.

பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்பாசிடரில் ஏறினாள். நடுவில் உட்காராமல் கதவோரம் ஒடுங்கிக்கொண்டாள்.

சின்னத்தாய்க்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நல்ல நாளும் அதுவுமாக இவளுக்குப் புத்தி ஏன் இப்படிப் போகிறது? ஜன்னலில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எறங்குடி" என்றாள்.

"அப்பா இதுல ஏறுனதத்தாம்மா பாத்தேன். எறங்குனதப் பாக்கலையே."

முதலாளி வீட்டுப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்த அன்று, ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்காது என்று சீனிச்சாமியை இந்தச் சீட்டில்தான் கிடத்தினார்கள். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே கார் போனது. அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகேஷ்குமாருக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் ஆஸ்பத்திரி வண்டியில் துணி சுற்றி வந்ததற்கு முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை. அதுதான் அப்பா என்று மூன்றாம் வகுப்பு படித்த வேல்விழியிடம் சொன்னார்கள்.

சின்னத்தாய் ஜன்னலை விட்டு நகரவில்லை.

இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று சாத்தூரிலிருந்து வந்த நாத்தனார் மறுபக்கக் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தாள்.

சின்னத்தாய் காரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அங்கன உக்காராதீக மதினி. அவுக இருக்காக."