மூணாவது மாடிச் சிரிப்பு

"மேடம், நம்ம ஸ்கூல்ல பேய் இருக்குன்னு பிள்ளைங்க பேசிக்கிறாங்க."

தலைமையாசிரியை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டே நிமிர்ந்தார். "மூணாவது மாடி, கடைசி ரூம்தானே? நானும் கேள்விப்பட்டேன்."

புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சருக்குச் சுருக்கென்றது. "கேள்விப்பட்டும் சும்மா இருந்தா எப்படி? காலையில பிரேயர்ல ஒரு வார்த்தை நீங்க சொன்னா அடங்கிடும்ல?"

"பேசிட்டுப் போகட்டும் விடுங்கம்மா. நீங்க மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கிறவர் பேசுகிற பேச்சா இது? டீச்சருக்கு மனசே ஆறவில்லை.

சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு இங்கே இரண்டு தலைவலி. ஒன்று இந்தப் பேய். இன்னொன்று அவர் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பெண். வாய்மொழியாகக் கேள்வி கேட்டால் டாண் டாணென்று பதில் சொல்வாள். புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் வரிக்கு வரி தடுக்கி விழுவாள். நேற்று வகுப்பே அவளைப் பார்த்துச் சிரித்தது. "இந்த வயசுல இவ்வளவு சோம்பேறித்தனம் ஆகாது" என்று டீச்சரும் தன் பங்குக்குத் திட்டியிருந்தார்.

வகுப்புக்குத் திரும்பினால் சாப்பாட்டு நேரத்திலும் அதே பேய்ப் பேச்சு. நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தவள் 'ரேடியோ'. எந்த வம்பையும் எல்லாருக்கும் ஒலிபரப்பிவிடுவாள் என்பதால் வந்த பெயர்.

"மத்தியானம்தான் மிஸ் வரும். முதல்ல நகத்தால பிராண்டும். அப்புறம் டொக் டொக்னு தட்டும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கடைசியா சிரிக்கும் பாருங்க, அந்தச் சிரிப்பு எனக்குத் தூக்கத்துலகூட கேட்குது."

"எல்லாரும் எந்திரிங்க. இப்பவே போய்ப் பார்த்துடுவோம்" என்றார் டீச்சர்.

கூட்டம் இரண்டாவது மாடி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஒரு கால்கூட நகரவில்லை.

"நீங்க முன்னாடி போங்க மிஸ்" என்றாள் ரேடியோ.

"சரி, இங்கயே நில்லுங்க. ஒண்ணும் இல்லைன்னு பார்த்துட்டுக் கூப்பிடறேன். ஒருத்தர் விடாம மேல வந்து கண்ணால பார்க்கணும்."

மேலே நீளமான தாழ்வாரம். வெளியே மழை மூட்டம். சுவிட்சைத் தட்டினார், விளக்கு எரியவில்லை. இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள்.

பாதி தூரம் போயிருப்பார். கர்... கர்... சொரசொரப்பான எதையோ நகம் பிராண்டியது.

டீச்சர் நின்றார். எலியாக இருக்கும்.

டொக். டொக். டொக். எலி இப்படி நிறுத்தி நிறுத்தித் தட்டாதே.

"ம... ம... ம..."

குழந்தைக் குரலா, பெரியவர் குரலா, தெரியவில்லை. பேயே கிடையாது என்று பாடம் எடுக்கிறவருக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கும்போதே அந்தச் சிரிப்பு கேட்டது. மெல்லிசாக, காதுக்குள்ளேயே சிரிப்பது போல.

கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தள்ளினார்.

உள்ளே மேஜையில் இரண்டு டிபன் பாக்ஸ். பக்கத்தில் சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டி அட்டைகளில் ஒட்டிய எழுத்துகள். ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தபடி கடைசி பெஞ்சுப் பெண். எதிரே தலைமையாசிரியை.

"போகாதீங்கன்னு சொன்னேனேம்மா."

"மேடம்... இவ இங்க..."

"எழுத்தையும் ஓசையையும் சேர்க்கிறது இவளுக்கு நம்மள மாதிரி சட்டுனு வராது. விரலால தடவணும், தட்டிப் பார்க்கணும், காதால கேட்கணும். அப்படிச் சொல்லிக் கொடுத்தா பதியும். அறிவுல ஒரு குறையும் கிடையாது. இப்பதான் ஒரு எழுத்தைத் தடவிப் பார்த்தே சரியா சொன்னா. சந்தோஷத்துல சிரிச்சா."

நேற்று சொன்ன வார்த்தை டீச்சருக்கு நெஞ்சில் வந்து குத்தியது. "அப்ப இந்தப் பேய்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் மிஸ் கிளப்பி விட்டேன்."

"முதல்ல இந்த வகுப்பைக் கீழதான் வச்சேன்" என்றார் தலைமையாசிரியை. "வாசல்ல சிறப்பு வகுப்புன்னு போர்டு மாட்டினேன். ரெண்டே நாள்ல 'மக்கு ரூம்'னு பேர் வச்சுட்டாங்க. பிள்ளைங்கள மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல, நம்ம டீச்சருங்களே அப்படித்தான் கூப்பிட்டாங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வந்த பிள்ளைங்க ஒவ்வொண்ணா நின்னுபோச்சு. இவ ஸ்கூலையே விடப் பார்த்தா."

"மக்குன்னா சிரிப்பாங்க மிஸ்" என்றாள் அந்தப் பெண். "பேய்னா கிட்ட வர மாட்டாங்க."

டீச்சர் மேஜையிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கூடவே ரேடியோவின் குரல். "மிஸ், ரொம்ப நேரமாச்சு. நாங்களும் வரட்டுமா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. எழுத்துகளை அவசர அவசரமாக மடியில் வாரிப் போட்டாள். "அவ பார்த்துட்டா நாளையிலருந்து நான் ஸ்கூலுக்கே வர மாட்டேன் மிஸ்."

டீச்சர் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். கிட்டத்தட்ட ஓடித்தான் போனார். கடைசிப் படியில் ஏறிக்கொண்டிருந்த கூட்டம் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது, கண் கலங்கியிருந்தது.

"மிஸ், என்னாச்சு? உள்ள இருக்கா?"

"இருக்கு" என்றார் அறிவியல் டீச்சர். "நானே கண்ணால பார்த்தேன். எல்லாரும் கீழ இறங்குங்க."