நம்பர் கேட்க வந்தவர்

"அஞ்சே வெள்ளிங்க! செலவு அஞ்சு வெள்ளிதான்!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் குணவதி வீட்டுக்குள் ஓடி வந்தாள். ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகம் இன்னும் குறையவில்லை.

ராமதாஸ் நாற்காலியில் இருந்தபடியே நிமிர்ந்தான். "என்னது, கோழியா?"

"மனசு டாக்டருங்க! பெரிய ஆஸ்பத்திரியில இருக்காராம். உக்கார வச்சு, நாம சொல்றத எல்லாம் பொறுமையா கேப்பாராம். மருந்தும் அங்கேயே தர்றாங்களாம். என்கூட வேலை செய்ற பொண்ணோட அக்கா அங்க போய்த்தான் நல்லா ஆயிருச்சு!"

வேலை செய்யும் கிட்டங்கியில் அரிசி மூட்டை அடுக்கு சரிந்து, பக்கத்தில் நின்ற கூட்டாளி காஜா மொய்தீன் செத்துப்போனதிலிருந்து ராமதாஸுக்குத் தூக்கமே கிடையாது. கிட்டங்கி வாசலை மிதித்தாலே கை கால் உதறும். மாசக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி தவுக்கேயும் சொல்லிவிட்டார்.

தனியார் டாக்டரிடம் ஒருமுறை விசாரித்துப் பார்த்தார்கள். அவர் சொன்ன ஃபீஸைக் கேட்டு குணவதிக்கும் தூக்கம் போனதுதான் மிச்சம்.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" ராமதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "யாராச்சும் பாத்துட்டா? நாளைக்கே பென்சிலும் பேப்பருமா வாசல்ல வந்து நிப்பானுங்க. மேல் வீட்டு திருநாவுக்கரசை என்ன பாடு படுத்தினாங்க, மறந்துட்டியா?"

குணவதி மறக்கவில்லை. மனசு சரியில்லாதவன் வாயில் வரும் நாலு நம்பர் லாட்டரியில் அப்படியே விழும் என்று சுங்கை பினாங் வட்டாரம் முழுக்க ஒரு நம்பிக்கை. பாவம் அந்த மனுஷன், 'தண்ணி குடு' என்று கேட்டால்கூட அதில் என்ன நம்பர் ஒளிந்திருக்கிறது என்று கூட்டம் போட்டு ஆராய்ந்தார்கள்.

"யாரும் பாக்க மாட்டாங்க. ஒரே ஒரு தடவ வாங்க."

"தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்தாலும் திரும்பிருவேன். அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது."

"சரி, சரி!" என்று சிரித்தாள். அவன் வருகிறேன் என்று சொன்னதே அவளுக்குத் தீபாவளி மாதிரி இருந்தது.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ராமதாஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த வேஷத்தில் அவனைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் குறைவு.

டாக்டர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. அதன் ஓரத்தில், வேறு யாரும் கிடைக்காதது போல, தியாகராஜா உட்கார்ந்திருந்தார்!

இவர்கள் தெருக் கோயிலின் தலைவர். ரிட்டயரான ஆபீஸ் கிராணி, யாழ்ப்பாணத்துக் குடும்பம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பந்தல் போட்டால், 'லாட்டரி நம்பர் எடுக்கிறவன் வீடு உருப்படாது' என்று மைக்கில் ஒரு பாட்டம் பேசாமல் யாருக்கும் மோர் ஊற்ற மாட்டார்.

ராமதாஸ் சட்டென்று திரும்பினான். குணவதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் தியாகராஜா பார்த்துவிட்டார். அவர் முகம் வெளிறிப்போனது. விறுவிறுவென்று எழுந்து வந்து ராமதாஸின் காதருகே குனிந்தார்.

"தம்பி, வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நான் சும்மா... நம்பர் கேக்க வந்தனான்."

"நம்பரா? நீங்களா தலைவரே?"

"இஞ்ச வாறவை சொன்னா அப்பிடியே விழுமாமே. அது சரி, நீங்கள்?"

ராமதாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நானும் அதுக்குத்தான் தலைவரே! நம்பர் கேக்கத்தான் வந்தேன்!"

"அப்பிடியோ! போன கிழமை ஆருக்கோ அஞ்சு நம்பரும் விழுந்ததாமே?"

"நாலு நம்பர்தானே தலைவரே."

"ஓம் ஓம், நாலு."

இருவரும் பெரிதாகச் சிரித்துக்கொண்டு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

குணவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கில் பேசுவது ஒன்று, செய்வது ஒன்றா? நோயாளிகள் வாயைக் கிண்டி லாட்டரி எடுக்க வந்திருக்கிறாரே, இவரெல்லாம் ஒரு தலைவரா? வெள்ளிக்கிழமை பூஜை முடியட்டும், எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

அறைக் கதவு திறந்தது. நர்ஸ் மிஸ்ஸி தலையை நீட்டினாள்.

"ராமதாஸ்!"

ராமதாஸ் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான்.

"ராமதாஸ் யாரு? வந்திருக்காரா?"

குணவதி அவன் தொடையில் கிள்ளினாள். "எந்திரிங்க!"

"சும்மா இரு. தலைவர் இருக்காரு," என்றான் உதட்டை அசைக்காமல்.

"ஆள் இல்லன்னா அடுத்தவரக் கூப்பிடறேன். இனி அடுத்த மாசம்தான் இடம் கிடைக்கும்," என்றாள் மிஸ்ஸி.

அடுத்த மாசமா? அதற்குள் வேலையே போய்விடுமே! இவ்வளவு தூரம் கூட்டி வந்தும் கை நழுவிப் போகிறதே என்று குணவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய்விட்டுக் கெஞ்சவும் முடியவில்லை.

தியாகராஜா அவளைப் பார்த்தார். பிறகு, முழங்காலின் மேல் நடுங்கிக்கொண்டிருந்த ராமதாஸின் கைகளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது.

சட்டென்று எழுந்தார். மைக்கே இல்லாமல் பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"மிஸ்ஸி, ராமதாஸ் இஞ்சதான் இருக்கிறார். இந்தா வாறார்!"

ராமதாஸ் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தான். தியாகராஜா அவன் தோளைப் பிடித்து எழுப்பி விட்டார். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் சொன்னார்:

"போங்கோ தம்பி, பயப்பிடாதேங்கோ. தங்கமான டாக்டர். மூண்டு வருஷமா வாறன், என்னட்ட ஒருநாளும் நம்பர் கேட்டதில்லை!"